கழுத்தைக் காத்த அரை மணி நேரம்

நொறுங்கிய காரைச் சுற்றிக் கூட்டம் கூடியதும் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: "அவங்களை அசைக்காதீங்க, கழுத்து போயிடும்!" தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏறும் என்-3 நெடுஞ்சாலையில் இதை நானே சொல்லியிருக்கிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் முப்பது வருடம் உயிரியல் நடத்தியவன் என்ற தெம்பில் கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். ஆம்புலன்ஸில் பாராமெடிக்காக இருக்கும் என் அக்கா மகனிடம் அதைப் பெருமையாக விவரித்தபோது அவன் சிரித்துவிட்டான். "மாமா, அது பழைய பாடம். இப்ப மாத்திட்டாங்க."

ஏன் மாற்றினார்கள் என்று அவனைத் துருவித் துருவிக் கேட்டேன். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

மோதலிலிருந்து தொடங்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு கார் சுவரில் மோதி, முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 65 மடங்கு விசை. 50 கிலோமீட்டர் வேகத்தில் இதே கணக்கு 16 மடங்குதான். வேகம் இரட்டித்தால் அடி நாலு மடங்கு. எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். என்-3-இன் கீ ரிட்ஜ் இறக்கத்தில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

கார் நின்ற பிறகும் உள்ளே இருப்பவர் நிற்பதில்லை. பெல்ட்டும் காற்றுப்பையும் அவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். அவர் நின்ற பிறகும் அவருடைய உள்ளுறுப்புகள் நிற்பதில்லை. கல்லீரலும் மண்ணீரலும் தம் கட்டுகளில் இழுபட்டுக் கிழியலாம். இதயத்திலிருந்து வளைந்து இறங்கும் பெருந்தமனி, முதுகுப் பக்கமாக ஒட்டிக்கொள்ளும் இடத்தில் விரிசல் விடலாம். தோலில் ஒரு கீறல்கூட இருக்காது. பெல்ட் பதிந்த கன்றல் கோடு ஒன்றுதான் சாட்சி.

இப்போது அந்தச் 'சிக்கிக்கொண்டவர்' யார் என்று பாருங்கள். இரும்பு பிடித்துவைத்தவர்கள் உண்டு: டாஷ்போர்டு இறங்கித் தொடையை அழுத்தும், பெடலுக்கு அடியில் பாதம் மடங்கிக் கிடக்கும், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிக்கு அடியில் கூரையே சப்பளிந்திருக்கும். ஆனால் காருக்குள் இருப்பவர்கள் எல்லாரும் இப்படி இல்லை. கதவு திறக்காததால், வலியால், பயத்தால், அல்லது என்னைப் போன்ற ஒருவர் 'அசையாதே' என்று சொன்னதால் உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே வைத்தியம்தான். கழுத்துக்குப் பட்டை, தலையைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ள, கூரையை வெட்டித் தூக்கி, முதுகுக்குப் பலகை கொடுத்து, நேர்கோட்டில் வெளியே எடுப்பது. அதற்கு அரை மணி நேரம் ஆவது சாதாரணம். விபத்திலிருந்து தானே இறங்கி நடந்து வந்தவரைக்கூட நிற்கவைத்து, பலகையோடு சேர்த்துச் சாய்த்துப் படுக்கவைக்கும் வழக்கம் ஒன்று இருந்தது. இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

இந்த நம்பிக்கையை பிரிட்டனில் டிம் நட்பீம் என்ற அவசர மருத்துவரின் குழு எண்களோடு உரசிப் பார்த்தது. கார் விபத்தில் காயம்பட்ட 63,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை அலசி 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். சிக்கிக்கொண்டவர்களில் 8.9 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். சிக்காதவர்களில் 5 சதவீதம். எல்லாரும் பயந்த தண்டுவடக் காயம்? 0.71 சதவீதம். அந்தச் சிலரிலும் பாதிப் பேருக்கு உயிரைப் பறிக்கக்கூடிய வேறு பெருங்காயங்கள் கூடவே இருந்தன. கார் மோசமாக நசுங்கினால் காயமும் மோசமாகத்தானே இருக்கும், தாமதத்தை மட்டும் குற்றம் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நூறில் ஒருவருக்கும் குறைவாக வரும் காயத்துக்காக, மீதி அத்தனை பேரையும் அரை மணி நேரம் உட்காரவைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

அதைவிட என்னை அசத்தியது இன்னொரு சோதனை. நலமான தன்னார்வலர்களின் உடலில் அசைவை அளக்கும் உணரிகளைப் பொருத்தி, காருக்குள் உட்காரவைத்து, பல முறைகளில் வெளியே எடுத்துப் பார்த்தார்கள். கூரையை வெட்டி எடுத்தபோதும், பக்கவாட்டைப் பிரித்து எடுத்தபோதும் கழுத்தும் இடுப்பும் அதிகம் அசைந்தன. மிகக் குறைவாக அசைந்தது எப்போது தெரியுமா? "மெதுவா நீங்களே இறங்குங்க" என்று சொன்னபோது! வலிக்கிற பக்கத்தை உடம்பு தானே பார்த்துக்கொள்கிறது. நாலு பேர் சேர்ந்து தூக்கும்போது அந்தக் காவல் போய்விடுகிறது. அதனால் இப்போது மீட்புக் குழு முதலில் சில கேள்விகள் கேட்கிறது. நான் சொல்வது புரிகிறதா? கை கால் அசைகிறதா? ஒரு காலாவது ஊன்ற முடியுமா? பதில் சரியாக இருந்தால் கதவைத் திறந்து, கைத்தாங்கலாக இறக்கிவிடுகிறார்கள். கை கால் மரத்துப்போனவர், இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர், நினைவு தப்பியவர் ஆகியோருக்கு வேறு வழி.

"கழுத்து உடைஞ்சவங்கள விரல்விட்டு எண்ணிடலாம், மாமா. ரத்தம் போனவங்களத்தான் எண்ண முடியல" என்றான் அக்கா மகன்.

அந்த ரத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் முக்கால் லிட்டர் போகும்வரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் நாடி வேகமெடுக்கும், தோல் வெளிறி வியர்த்துச் சில்லிடும். ரத்தக்குழாய்கள் சுருங்கி, மிச்சமிருப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கும். இதனால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் போகும்வரை ரத்த அழுத்தம் நல்ல பிள்ளையாக நிற்கும். பிறகு படிக்கட்டில் உருள்வதுபோல விழும். ஒரு தொடையெலும்பு முறிந்தாலே ஒரு லிட்டருக்கு மேல் தசைக்குள் கசியலாம். இடுப்பெலும்பு முறிந்தால் அதைவிட அதிகம். 'பிரஷர் நார்மல்' என்ற சொல்லை நம்பாதவர்தான் நல்ல பாராமெடிக். நம் வீட்டுப் பெரியவர்களிடம் இது இன்னும் சிக்கல். பிரஷருக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும்; எச்சரிக்கை மணி அடிக்கவே அடிக்காது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை வேறு இருந்தால் கசிவு நிற்கவும் செய்யாது. அதனால்தான் அக்கா மகன் முதலில் கைப்பையில் மாத்திரை டப்பா இருக்கிறதா என்று தேடுவானாம்.

ரத்தம் போகிறதென்றால் சலைனை ஏற்ற வேண்டியதுதானே? அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் உப்புநீர் ஆக்சிஜனைச் சுமக்காது, ரத்தத்தின் உறையும் தன்மையை நீர்க்கவைக்கும், அழுத்தம் கூடினால் அப்போதுதான் ஒட்டிய உறைகட்டியைப் பெயர்த்தும் விடும். போதாதற்கு உடலைக் குளிர்விக்கும். குளிர்ந்த ரத்தம் உறையாது. உறையாவிட்டால் இன்னும் போகும். எனவே மணிக்கட்டில் நாடி தட்டுப்படும் அளவுக்கு மட்டும் கொடுத்து நிறுத்துகிறார்கள். தலையில் அடிபட்டவருக்கு மட்டும் இந்தச் சிக்கனம் ஆகாது. வீங்கும் மூளைக்கு ரத்தம் ஏற நல்ல அழுத்தம் வேண்டும். டர்பன் வெயிலில் வெள்ளித்தாள் போர்வையைப் போர்த்துவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள், 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்-3 அடைபட்டதை நினைத்துப் பார்க்கலாம்.

போர்வைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊசிமருந்தும் வருகிறது: டிரானெக்ஸாமிக் அமிலம். 1960-களில் ஜப்பானில் உட்டாக்கோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் கண்டுபிடித்தது. உடல் தானே கட்டிய உறைகட்டியைத் தானே கரைத்துவிடாமல் இது தடுக்கும். 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, 40 நாடுகளில் 20,000-க்கும் அதிகமான காயப்பட்டவர்களிடம் இது மரணத்தைக் குறைப்பதைக் காட்டியது. ஒரு நிபந்தனை: அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் நன்மை போய்த் தீமை வரலாம் என்றும் அதே ஆய்வின் கணக்குகள் காட்டின. மருந்து கடைசியில் கடிகாரத்திடம்தான் வந்து நிற்கிறது.

சரி, உண்மையிலேயே இரும்பு பிடித்துக்கொண்டவர்? அங்கே வருகிறது 'ஜாஸ் ஆஃப் லைஃப்'. அமெரிக்காவில் கார் பந்தயம் பார்த்த ஜார்ஜ் ஹர்ஸ்ட், நொறுங்கிய வண்டியிலிருந்து ஓட்டுநரை எடுக்க ஆகும் நேரத்தைக் கண்டு பொறுக்காமல் செய்த கருவி. இப்போது அது ஒரு கருவித் தொகுப்பு: எண்ணெயை 700 பார் அளவுக்கு (காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 700 மடங்கு) அழுத்தி, ஒன்று பிளக்கும், ஒன்று வெட்டும், இன்னொன்று டாஷ்போர்டை முன்னால் தள்ளும். அதற்கு முன் காருக்கு அடியில் கட்டை கொடுத்து அசையாமல் நிறுத்துவார்கள். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவார்கள். வெடிக்காத காற்றுப்பை எங்கே என்று பார்ப்பார்கள். வெட்டும் இடத்தில் அதன் வாயுக்குப்பி இருந்தால் ஆபத்து. புதிய கார்களின் நடுத்தூணில் இருக்கும் போரான் எஃகு பழைய வெட்டுக்கருவிக்கு மசியாது. ஆளைக் காப்பாற்றக் கெட்டியாக்கிய தூணே ஆளை எடுக்கவிடாமல் மல்லுக்கு நிற்கிறது.

உள்ளே ஊர்ந்து போகும் பாராமெடிக் மூச்சு வழியைத் திறந்து, ரத்தம் பீறிடும் கையிலோ காலிலோ இறுக்குப்பட்டை போட்டு, கெட்டமின் கொடுப்பார். 1962-இல் உருவான இந்த மருந்து வலியை அடக்கும். மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் கெடுக்காது. வெளியே எடுக்க எப்போதும் இரண்டு திட்டம் இருக்கும். நிதானமாக எடுப்பது ஒன்று; நோயாளி சரியத் தொடங்கினால் எது முறிந்தாலும் பரவாயில்லை என்று இரண்டு நிமிடத்தில் இழுப்பது மற்றது. தென்னாப்பிரிக்காவில் பாராமெடிக் பட்டப்படிப்பில் மருத்துவத்தோடு வாகன மீட்பும் பாடமாக இருப்பதால், வெட்டுகிறவரும் வைத்தியம் பார்க்கிறவரும் ஒரே மொழி பேசுகிறார்கள்.

கால் நெடுநேரம் நசுங்கிக் கிடந்தால் விடுவிக்கும் நொடியே ஆபத்து. 1941-இல் லண்டன் குண்டுவீச்சு இடிபாடுகளிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். செத்த தசையில் தேங்கிய பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் அழுத்தம் விலகியதும் ரத்தத்தில் பாயும். முதலாவது இதயத்தை நிறுத்தும், இரண்டாவது சிறுநீரகத்தை அடைக்கும். அதனால் இவர்களுக்கு மட்டும், தூக்கும் முன்பே சலைன் ஓட வேண்டும்.

சாலையில் நிற்கும் நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இங்கே தென்னாப்பிரிக்காவில் 10177 அல்லது 112-ஐ அழைத்து, சாலையோர நீலப் பலகையில் இருக்கும் கிலோமீட்டர் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். முக்கோணத்தைக் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வையுங்கள். நொறுங்கிய காரின் எஞ்சினை அணையுங்கள். ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடியுங்கள். நினைவில்லாதவர் குறட்டை விடுவதுபோல மூச்சு விட்டால் தாடையை முன்னால் தூக்குங்கள். தீ, புகை என்றால் கழுத்தைப் பார்க்காமல் இழுங்கள். தானே இறங்கி வருகிறவரைத் திருப்பி உள்ளே தள்ளாதீர்கள்.

அக்கா மகன் சொன்ன ஒன்று மிச்சமிருக்கிறது. ஆடி மாதம், கோயிலில் கூழ் வார்த்துவிட்டு (இங்கே எல்லாரும் 'போரிட்ஜ் பிரேயர்' என்பார்கள்) திரும்பிய ஒரு குடும்பத்தின் காரை லாரி உரசித் தடுப்பில் தள்ளியிருக்கிறது. பின்சீட்டில் ஒரு ஆயா, புடவையெல்லாம் புளித்த கூழ். வாந்தியா என்று முதலில் சந்தேகம். கண் திறந்திருக்கிறது, சொன்னால் கையை அசைக்கிறார், வாயில் மட்டும் ஒரே முணுமுணுப்பு. கிளாஸ்கோ நினைவு அளவையில் தெளிவான பேச்சுக்கு 5 மதிப்பெண்; புரியாத ஒலிக்கு 2. தமிழ் தெரியாத, ஸுலு மொழி பேசும் அவனுடைய தோழர் 2 என்று எழுதியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஸுலு பாட்டிகளுக்கு இவனும் அப்படி எழுதியவன்தான். ஆனால் அந்த 2 நின்றால் தலைக்காயம் என்று பொருள். திரவத்தின் அளவு, போகிற மருத்துவமனை எல்லாமே மாறும்.

இவன் ஜன்னலில் குனிந்து காது கொடுத்திருக்கிறான்.

"தம்பி, அம்மனோட குடம் உடைஞ்சிடுச்சா பாருப்பா."

குடம் காலடியில் முழுசாக இருந்தது. அவன் 2-ஐ அடித்து 5 என்று எழுதினான். "ஆயா, மெதுவா காலை ஊனுங்க பாப்போம்" என்றான். இரண்டு பேர் கைத்தாங்கலில் அவர் இறங்கி, மூன்றடி நடந்து ஸ்டிரெச்சரில் உட்கார்ந்தார். கூரையை வெட்டக் கொண்டுவந்த கருவி வண்டியை விட்டு இறங்கவே இல்லை.