கேடுதரு நுண்பாசிப் பெருக்கம்

2023 அக்டோபரில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கடல் சிவந்தபோது நுண்ணுயிர் பெருகிக் கடல்நீர் நிறம் மாறுவதைக் குறிக்கும் ‘ரெட் டைட்’ என்ற சொல் செய்திகளில் அடிபட்டது. அதைச் ‘சிவப்பு அலை’ என்று எழுதுவோர் உண்டு. அலைக்கும், கடல்நீர் ஏறி இறங்கும் ஓதத்துக்கும் இதில் வேலை இல்லை. நிறமும் நிலையானதன்று. நாக்டிலுகா என்னும் நுண்ணுயிர் பெருகினால் சில கடல்களில் நீர் சிவக்கும். பாம்பன், மண்டபம் பக்கமோ பச்சையாகும். அங்கே அதன் உடலுக்குள் பச்சைப் பாசி குடியிருக்கிறது. அப்பகுதி மீனவர்கள் அதைப் பூங்கோரை என்கிறார்கள்.

அறிவியலார் வழங்கும் பெயர் ‘ஆல்கல் புளூம்’; கேடு செய்வது ‘ஹார்ம்ஃபுல் ஆல்கல் புளூம்’. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஆல்கா, கடற்பூண்டைக் குறித்த இலத்தீன் சொல். நம் பாசியோ பசுமையின் வழி வந்தது. தொட்ட இடமெல்லாம் விலகி, விட்ட இடமெல்லாம் பரவும் கேணிப் பாசியைக் குறுந்தொகையின் 399ஆம் பாட்டு தலைவியின் பசலைக்கு உவமையாக்குகிறது. ‘புளூம்’ என்பதற்கு ‘மலர்ச்சி’ என எழுதுவதை நான் ஏற்கவில்லை. மீன் செத்து ஒதுங்கும் இடத்தில் மலர்ச்சி ஏது? சுவரில் உப்புப் பூக்கிறது என்கிறோமே, அந்தப் பூத்தல் பொருந்தும். பாசி பூத்தது என வினையாகவும், பாசிப் பெருக்கம் எனப் பெயராகவும் வழங்கலாம்.

பெருக்கம் என்ற சொல் காரணத்தையும் கேட்க வைக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் தென்பெண்ணையும் கெடிலமும் வயலின் உரத்தையும் ஊரின் சாக்கடையையும் கடலூர்க் கடலில் சேர்க்கின்றன. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குவிந்தாலும், நீர் கலங்கியிருக்கும்வரை வெயில் உள்ளே இறங்காது, பாசி பெருகாது. தெளிந்ததும் பெருகும். ஆற்றோடு வந்த சிலிக்காவைக் கொண்டு ஓடு கட்டும் டயாட்டம் என்னும் நுண்பாசி முதலில் முந்திக்கொள்ளும். சிலிக்கா தீர்ந்து மற்றச் சத்துகள் மிஞ்சினால், அது தேவைப்படாத வேறு இனங்களுக்கு வாய்ப்பு. அவற்றுள் சில நஞ்சு உள்ளவை.

கோடையில் கதை வேறு. காற்று தணிந்து, நீர் சூடேறி, உப்பும் கூடியிருக்கும்போது டிரைக்கோடெஸ்மியம் என்னும் நுண்பாசி மேலே மிதந்து, மரத்தூள் கொட்டியதுபோல் பட்டை பட்டையாகப் படரும். நீரில் கரைந்த நைட்ரஜன் வளியையே உரமாக்கிக்கொள்வதால், இதற்கு ஆற்றின் தழைச்சத்து தேவையில்லை. எனவே கடல் நிறம் மாறினாலே ஆலைக் கழிவு என்று முடிவு கட்டுவதும், ஆலையை விசாரிக்காமலே இயற்கை என்று கைகழுவுவதும் தவறு. நீரை எடுத்துப் பார்க்க வேண்டும்.

நாக்டிலுகாவைப் பார்க்க நுண்ணோக்கிகூட வேண்டாம். கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால், அரை மில்லிமீட்டர் அளவில் ஒளி ஊடுருவும் உருண்டைகள் தெரியும். இருட்டில் கலக்கினால் நீலமாக மின்னும். கண்டிப்பாகச் சொன்னால் இது பாசியே அன்று, டயாட்டத்தைத் தின்னும் உயிர். நஞ்சும் சுரப்பதில்லை, ஆனால் திரளாக மடிந்து அழுகும்போது அம்மோனியா பெருகி, ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகின்றன. ‘நச்சுப்பாசி’ என்ற பெயர் போதாததற்கு இதுவே காரணம். கேடுதரு என்பது நஞ்சால் வரும் கேட்டையும் நஞ்சில்லாமல் வரும் கேட்டையும் அடக்கும்.

நஞ்சுள்ளவற்றைச் சிறிதாக எண்ணவும் கூடாது. 1981இல் கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் மட்டி தின்ற 3 பேர் இறந்தார்கள். பாசியை வடிகட்டி உண்ணும் மட்டியில் சேரும் அந்த நஞ்சு, வேகவைத்தாலும் போகாது.

‘நுண்’ என்ற முன்னொட்டை விட்டுவிடாதீர்கள். கடல்பாசி என்றால் நோன்புக்காலத்தில் வீட்டில் காய்ச்சுவது. மன்னார் வளைகுடாப் பெண்கள் மூழ்கி எடுத்துப் பிழைப்பது. ‘கடல்பாசியால் மீன்கள் சாவு’ என்று தலைப்பிட்டால் அடி விழுவது அவர்கள் தொழிலில். கடல் நிறம் மாறும்போது கடலூரின் தேவனாம்பட்டினக் கடற்கரையில் ஒட்டும் அறிவிப்பில், எந்த நுண்பாசி, மீன் உண்ணலாமா, மட்டி உண்ணலாமா என்ற மூன்றும் இருக்க வேண்டும்.