கலுங்கில் கடப்பாரை வைக்கும் முன்

கலுங்கு என்பது கண்மாயில் (ஏரியில்) மிஞ்சும் தண்ணீர் வழிந்து வெளியேறும் கற்கட்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் போதும், என் அலுவலகத்துக்கு இரண்டு தரப்பும் வந்துவிடும். கண்மாய்க்குக் கீழே, அதன் பாசனம் பெறும் ஆயக்கட்டில் நெல் நட்டவர், "ராத்திரியோடு ராத்திரியாகக் கலுங்கை உடைத்து வடித்துவிட்டான் சார்" என்பார். உள்வாயில், அதாவது கரைக்கு உட்புறம் தண்ணீர் பரவும் ஓரத்தில், பட்டா வைத்திருப்பவர், "கலுங்கு மேல கல்லும் களிமண்ணும் வச்சு அடைச்சு என் மிளகாயை மூழ்கடிச்சுட்டாங்க" என்பார். தென்மாவட்டங்களில் சிவில் வழக்கு நடத்துகிற அனுபவத்தில் சொல்கிறேன், பெரும்பாலும் இரண்டுமே உண்மைதான்.

சண்டையின் வேர் ஒரே ஓர் அளவு: கலுங்கின் உயரம். அதுவரை தண்ணீர் நிற்கும். மிஞ்சினால் வழிந்து மறுகால் போகும். பழைய கலுங்குகளில் வரிசையாக அணைக்கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை ஓயும் நேரத்தில் அவற்றுக்கு நடுவே பலகையோ மண்ணோ வைத்துக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்குவார்கள். பெருவெள்ளம் வரும்போதும் அதை எடுக்காமல் விட்டால் உள்வாய் மூழ்குவதோடு நிற்காது, கரையே போய்விடும். உள்வாய் தட்டையான பூமி; மட்டம் அரை அடி ஏறினாலும் தண்ணீர் வெகுதூரம் பரவும்.

வருகிறவர்கள் பத்திரமும் பட்டாவும் கொண்டுவருவார்கள். அது போதாது. அ-பதிவேடு (புல எண்வாரியான நில விவரம்), புலப்படம் (நில அளவை வரைபடம்), அப்புறம் பொதுப்பணித் துறைக் காலத்து டேங்க் மெமாயர் (கண்மாயின் அளவுகளைப் பதிந்த குறிப்பேடு), மூன்றையும் தேடுங்கள். மெமாயரில் முழுக் கொள்ளளவு மட்டம் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

ஒருவர் நஷ்டஈடு வழக்குப் போடச் சொல்லி வந்தார். பட்டா பளிச்சென்று இருந்தது. ஆனால் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் அந்தப் புல எண்ணில் பாதி கண்மாய்ப் புறம்போக்கு. 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்புப் பதிவில் எப்படியோ அவர் குடும்பத்தின் பெயர் ஏறியிருக்கிறது. வழக்கு வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டு வேறு வக்கீலிடம் போனார். எதிர்த்தரப்பு அதே பதிவேட்டை நீதிமன்றத்தில் காட்ட, இருந்த நிம்மதியும் போயிற்று. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று வந்துவிட்டால் நீதிமன்றங்கள் இரக்கம் காட்டுவது அபூர்வம். தமிழ்நாட்டில் இதற்கென்றே 2007-இல் ஒரு சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தின் கீழ் வராத நீர்நிலைகளும் காக்கப்பட வேண்டியவையே என்று 2015-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருக்கிறது.

உண்மையிலேயே பட்டா நிலமாக இருந்தால் கதை வேறு. அரசு கலுங்கை உயர்த்தியோ புதிதாகத் தடுப்பணை கட்டியோ உங்கள் நிலம் நிரந்தரமாக மூழ்கினால், சட்டப்படி கையகப்படுத்தாமல் அப்படிச் செய்ய முடியாது. அரசியல் சாசனத்தின் 300ஏ பிரிவு அதைத்தான் சொல்கிறது. 2013-ஆம் வருஷ நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி முதல்நிலை அறிவிப்பு வந்தால் ஆட்சேபிக்க 60 நாள். தொகை குறைவு என்று பட்டால், பணம் வாங்கும்போதே "ஆட்சேபனையுடன் பெறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதாமல் வாங்கினால் கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும். தீர்வம், அதாவது இழப்பீட்டு உத்தரவு, சொல்லும்போது நீங்கள் அங்கே இருந்திருந்தால், மேல்விசாரணை கேட்க 6 வாரம்தான்.

தனியார் தரப்பு அடைத்து மூழ்கடிக்கிறது என்றால் வருஷக்கணக்கில் சும்மா இருக்காதீர்கள். 20 வருஷம் இடைவிடாமல், வெளிப்படையாக மூழ்கடித்துவந்தால், 1882-ஆம் வருஷ அனுபவ பாத்தியச் சட்டத்தை (அடுத்தவர் நிலத்தின் மேல் நீண்டகாலப் பயன்பாட்டால் வரும் உரிமை பற்றியது) காட்டி அதையே உரிமையாகக் கேட்க இடமுண்டு.

கடப்பாரை மட்டும் வேண்டாம். பாசனக் கட்டுமானத்தைச் சேதப்படுத்தினால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-ஆம் பிரிவில் 5 வருஷம் வரை சிறை. மூழ்கிய மிளகாய்க்கு நஷ்டஈடு கேட்கப் போனவர், கையில் முன்ஜாமீன் மனுவோடு என் வராந்தாவில் உட்கார்ந்திருந்ததும் உண்டு.