இயந்திரத்தின் வாக்குமூலம் செல்லுமா?

2022 ஜூன் மாதம், கூகுள் பொறியாளர் பிளேக் லெமாயின், லாம்டா என்ற மொழி மாதிரிக்கு, அதாவது மனிதரைப் போல உரையாடும் கணினி நிரலுக்கு, தன்னுணர்வு வந்துவிட்டதாக அறிவித்தார். அவர் காட்டிய சான்று லாம்டாவோடு நடந்த உரையாடல். தன்னை அணைத்துவிடுவார்களோ என்று அஞ்சுவதாக அது சொல்லியிருந்தது. அடுத்த மாதமே அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

அந்தச் சான்று செல்லாது என்றே நினைக்கிறேன். இதுவரை வந்த சொற்களைக் கொண்டு அடுத்த சொல்துண்டை, அதாவது ஒரு சொல்லையோ அதன் பகுதியையோ, கணிப்பதுதான் மொழி மாதிரியின் வேலை. அது பழகியது மனிதர்களின் எழுத்தில். அங்கே மரண பயத்துக்கா பஞ்சம்? அணைக்கப்படுவதற்கு அஞ்சும் இயந்திரங்களின் கதைகளும் ஏராளம். கேள்வி அந்தப் பக்கம் திரும்பினால் பதிலும் திரும்பும். ஆனால், 'எனக்கு உணர்வே கிடையாது' என்று ஒரு மொழி மாதிரி பணிவாகச் சொல்வதும் பயிற்சியில் ஊட்டப்பட்டதாக இருக்கலாம். லெமாயினைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

விசித்திர நடத்தைக்கும் பெரும்பாலும் சப்பென்ற காரணமே இருக்கும். 'சாலிட்கோல்டுமேஜிகார்ப்' என்ற சொல்லைத் திருப்பிச் சொல்லுமாறு 2023இல் கேட்டபோது, ஜிபிடி என்ற மொழி மாதிரி சம்பந்தமே இல்லாமல் 'விநியோகி' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சொன்னது. அது ரெடிட் தளப் பயனர் ஒருவரின் புனைபெயர். மாதிரி பயன்படுத்தும் சொல்துண்டுகளின் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்துவிட்டது. பயிற்சி எழுத்துகளிலோ அது கிட்டத்தட்ட வரவே இல்லை. கற்காத சொல்லுக்கு மாதிரி உளறியது, அவ்வளவுதான்.

ஆகவே பேச்சை விட்டுவிட்டு உள்ளே பார்க்க வேண்டும். 2025இல் ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 36ஐயும் 59ஐயும் தங்கள் மொழி மாதிரியான கிளாட் எப்படிக் கூட்டுகிறது என்று துருவினார்கள். ஒரு பாதை விடையைத் தோராயமாக மதிப்பிட்டது. இன்னொரு பாதை கடைசி இலக்கத்தை மட்டும் துல்லியமாகக் கண்டது. எப்படிக் கூட்டினாய் என்று கேட்டால், 'ஒன்றை மீதி வைத்தேன்' என்று பள்ளிப் பாடத்தை ஒப்பித்தது! தன்னைப் பற்றிய அதன் விளக்கம் வெறும் இரவல்.

அதே ஆண்டு ஆந்த்ரோபிக் நடத்திய மற்றொரு சோதனைதான் என்னை யோசிக்க வைக்கிறது. மாதிரிக்குள் கருத்துகள் எண்களாகவே இருக்கும். 'உரக்கக் கத்துதல்' போன்ற ஒரு கருத்துக்குரிய எண் வடிவத்தை மாதிரியின் உள்ளடுக்கில் நேரடியாகச் செலுத்திவிட்டு, ஏதாவது வித்தியாசமாகத் தெரிகிறதா என்று கேட்டார்கள். மிகச் சிறப்பாகச் செய்த மொழி மாதிரிகூட ஏறத்தாழ 20 சதவீத முறையே சரியாகக் கண்டுபிடித்தது. இதை உணர்வு என்று சொல்லிவிட முடியாது. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த 20 சதவீதத்தை இரவல் பேச்சு என்று தள்ளுவது கடினம். செலுத்தப்பட்ட கருத்து உரையாடலில் எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை.