குறைந்தபட்சக் கூலி கேட்டால் வேலை போய்விடுமா?

பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள் கூலியைக் கூட்டிக் கேட்கத் தயங்குவார்கள். கேட்டால் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்தான்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குறைந்தபட்சக் கூலிக்கு 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 நடைமுறையில் இருக்கிறது. முன்பு அரசுப் பட்டியலில் இருந்த தொழில்களுக்கு மட்டும் கிடைத்த பாதுகாப்பு, இப்போது எல்லாத் தொழில்களுக்கும் உண்டு. ஐந்து ஆண்டுக்கு மேல் போகாமல் கூலி விகிதத்தை அரசு மறுபரிசீலனை செய்தாக வேண்டும்.

கிலோ கணக்கில் கூலி வாங்குபவர்கள் இதைக் கவனிக்கவும். கையில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு நாள் முழுக்க உடைத்தாலும், கொட்டை சிறுத்துப்போன அன்று பருப்பின் எடை குறையும், கூலியும் குறையும். ஆனால் அந்த வேலைக்கு நாள் கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தால், அதற்குக் கீழே தரக் கூடாது. ‘குறைத்துத் தர சம்மதம்’ என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் செல்லாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்புதான் என்று 1982-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

சரி, வேலை போய்விடுமா? கூலி ஏறினால் முதலாளி ஆளைக் குறைப்பார் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பல முதலாளிகள் ஆளுக்குப் போட்டி போடும் இடத்துக்குத்தான் அது பொருந்தும். ஊருக்கு ஒரே ஒரு கம்பெனி என்றால் கதை வேறு. புதிதாக ஒருவரை இழுக்கக் கூலியை ஏற்றினால் பழைய ஆட்களுக்கும் ஏற்ற வேண்டும் என்பதால், அந்த முதலாளி குறைந்த கூலியில் குறைந்த ஆட்களோடு நின்றுவிடுவார். இதை 1933-ல் விளக்கியவர் ஜோன் ராபின்சன் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர். யாருக்கும் இதற்குக் கீழே தரக் கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டால் அந்தக் கணக்கே மாறிவிடுகிறது. பழைய ஆட்களுக்கு எப்படியும் அந்தக் கூலிதான் என்பதால், புதிதாக ஒருவரைச் சேர்க்க அவர்களுக்கு ஏற்ற வேண்டியதில்லை. ஆள் கூடவும் வாய்ப்புண்டு.

1992-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலி 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனது. கார்டு, க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிட்டபோது, துரித உணவுக் கடைகளில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. அளவு மீறி ஏற்றினால் இயந்திரம் வரும் என்பதும் உண்மைதான். ஆனால் சட்டப்படியான கூலியைக் கேட்பது அளவு மீறுவது ஆகாது.

கூலி குறைந்தால் கடலூர் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். தொழிற்சங்கம் மூலமும் கொடுக்கலாம். மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும். பாக்கியோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு தரச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. எடைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் தேதிவாரியாக வைத்திருங்கள்.