கணுக்காலும் கீலும் ஒரே கோட்டில்: ஸ்போர்ட் பைக் பூட் காலுக்குப் பொருந்துவது எப்படி?

புதிய ஸ்போர்ட் பைக் பூட்டைக் கடையில் நின்றபடி போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் இடைஞ்சலாகத்தான் இருக்கும். விரல்கள் முனையில் இடிக்கும், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் அழுத்தும், நடந்தால் பொம்மை நடை. உடனே ஓர் அளவு பெரிதாகக் கேட்பார்கள். பெரும்பாலும் இங்கேதான் தவறு நேர்கிறது.

ஸ்போர்ட் பைக்கில் ஃபுட்ரெஸ்ட் உயரமாகவும் பின்தள்ளியும் இருக்கும். முழங்கால் நன்றாக மடங்கும், கீழ்க்கால் முன்னோக்கிச் சாயும். பூட்டின் கழுத்தும் அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி முன்பக்கம் வளைத்தே தைக்கப்படுகிறது. நேராக நிற்பவரை அது தள்ளத்தானே செய்யும்? இன்னொன்று, நிற்கும்போது உடல் எடையில் பாத வளைவு தாழ்ந்து, பாதம் சில மில்லிமீட்டர் நீளும். சீட்டில் உட்கார்ந்ததும் அந்தச் சுமை பெரிதும் இறங்கிவிடும். ஆகவே நிற்கையில் விரல் நுனி லேசாகத் தொட்டு, முழங்காலை மடக்கியதும் விலகினால் நீளம் சரி. மடக்கிய பிறகும் விரல் மடங்கியே கிடந்தால் பூட் சிறியது.

இறுக்கமாக இருக்க வேண்டியதன் காரணம் கணுக்காலில் இருக்கிறது. பாதம் மேலும் கீழும் அசையும் அச்சு, கணுக்காலின் இருபக்க எலும்பு முட்டுகளின் நுனியை ஒட்டிச் செல்கிறது. நல்ல ஸ்போர்ட் பூட்டில் குதிகால் கிண்ணத்தையும் கெண்டைக்கால் பகுதியையும் இணைக்கும் பிளாஸ்டிக் கீல் ஒன்று உள்ளேயோ வெளியிலோ இருக்கும். கியர் போடவும் பிரேக் மிதிக்கவும் வேண்டிய முன்பின் அசைவை அது விட்டுக்கொடுக்கும். பக்கவாட்டில் மடங்குவதையும் முறுக்குவதையும் தடுக்கும். விழும்போது கணுக்கால் முறுக்கினால் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் சேதப்படலாம் என்பதால்தான் இந்த ஏற்பாடு. கீலும் மூட்டும் ஒரே கோட்டில் இருந்தால்தான் இது வேலை செய்யும். யூரோ அளவில் ஓர் எண் கூடினால் நீளம் 6.67 மில்லிமீட்டர் ஏறும். யூகே அளவில் சுமார் 8.5. அந்த இடைவெளியில் பாதம் முன்னே வழுக்கினால் கணுக்கால் கீலை விட்டு விலகிவிடும். பிறகு ஒவ்வொரு அசைவுக்கும் பூட்டின் விளிம்பு எலும்பில் உரசும். விழும்போது பூட் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் திரும்பும்.

ஐரோப்பியத் தரமான இஎன் 13634 முத்திரையில், பைக் ஓட்டியின் படத்துக்குக் கீழே 1 அல்லது 2 என நான்கு எண்கள் இருக்கும்: கழுத்தின் உயரம், உராய்வு, வெட்டு, பக்கவாட்டு நசுங்கலுக்கான எதிர்ப்பு. உங்கள் காலுக்குப் பொருந்துமா என்பதைப் பற்றி அந்த எண்களில் ஒரு சொல்லும் கிடையாது.

அளவெடுப்பது மாலையில் நல்லது, பகல் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். தாளின் மேல் நின்று, குதிகாலிலிருந்து மிக நீண்ட விரல் வரை இரு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். ஓட்டும்போது அணியும் அதே சாக்ஸ் காலில் இருக்கட்டும். ஜிப், வார், ராட்செட் (பல் பிடித்து இறுகும் பட்டை) எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, பைக்கின் மேல் அல்லது முழங்கால் மடங்கும் தாழ்வான ஸ்டூலில் 15 நிமிடம் உட்காருங்கள். இரண்டு நிமிடத்தில் தெரியாத அழுத்தம் இதற்குள் தெரிந்துவிடும். பாதத்தின் மேல்புறம் மரத்துப்போனால் அங்கு ஓடும் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். முதலில் வாரைத் தளர்த்திப் பாருங்கள், அப்படியும் மரத்துப்போனால் அந்த வடிவம் உங்கள் காலுக்கு ஆகாது. ஜிப் கெண்டைக்காலில் ஏற மறுத்தால் இழுத்துப் போராடாதீர்கள், ஓட்டும்போது அந்தத் தசை இன்னும் புடைக்கும்.

‘போடப் போட இளகிவிடும்’ என்பது பாதி உண்மை. தோல் அகலவாக்கில் கொஞ்சம் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. மைக்ரோஃபைபர் எனும் செயற்கைத் தோல் அதைவிடக் குறைவாகவே இளகும். கணுக்காலின் முன்னும் பின்னும் உள்ள மடிப்புப் பட்டைகள் மட்டும் சில நாள் ஓட்டத்தில் நன்றாகவே வளையத் தொடங்கும்.

கொப்புளத்துக்கு இறுக்கத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஈரத் தோலில் உராய்வு கூடுவதால் சாக்ஸ் தோலின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்ள, உள்ளே எலும்பு நகர, இடையிலுள்ள அடுக்குகள் பிரிகின்றன. பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால், செயற்கை இழையோ மெரினோ கம்பளியோ கலந்த நீள சாக்ஸ் மேல்.

பூட் சரியாக அமைந்தும் கியர் விழாமல் போகலாம். பூட்டின் முனை தடிப்பாக இருந்தால் லீவருக்கு அடியில் நுழையாது. அரைகுறையாகத் தூக்கும்போது கியர் பொய் நியூட்ரலில், அதாவது இரு கியர்களுக்கு இடையே எதிலும் விழாமல், நின்றுவிடும். கியர் லீவரை இணைக்கும் கம்பியின் இருபக்க லாக் நட்டுகளையும் தளர்த்தி, கம்பியை அரைச் சுற்றாகத் திருப்பி, லீவர் உயர்கிறதா என்று பாருங்கள். ஒரு முனையில் பெரும்பாலும் இடம்புரி மரை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் தளர்வது) இருக்கும், நட்டைத் தளர்த்துவதாக நினைத்து இறுக்கிவிடாதீர்கள். இரு முனையிலும் போதிய மரை உள்ளே பிடித்திருக்க வேண்டும். வலது பக்கப் பிரேக் மிதியில் சிக்கல் இதற்கு நேர்மாறு. பிரேக் மிதி உயரமாக நின்றால் தடித்த சோல் அதன் மேலேயே சவாரி செய்யும், விறைப்பான பூட்டுக்குள் அந்த லேசான அழுத்தம் காலுக்குத் தெரியாது. பிரேக் பேடு உரசி டிஸ்க் சூடாகும், பின் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மிதியை இறக்கிய பிறகு பிரேக் விளக்கு எரியும் இடத்தையும் பின்சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா என்பதையும் சரிபார்த்துவிட்டுச் சாலையில் இறங்குங்கள்.