புயல் வேறு, டொர்னாடோ வேறு

இந்த முறையும் அதே வீடியோ வந்துவிட்டது. பரந்த கோதுமை வயல், நடுவில் யானைத் தும்பிக்கை மாதிரி தொங்கும் கருஞ்சுழல், சாலையின் வலப்பக்கமாக ஓடும் மஞ்சள் பள்ளிப் பேருந்து, கீழே "நாகையை நெருங்கும் புயல், அனைவருக்கும் பகிரவும்". வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானாலே போதும், இது சுற்ற ஆரம்பித்துவிடும். பேரிடர் பயிற்சி கொடுக்கக் கடலோர ஊர்களுக்குப் போகிறவன் நான். விளக்கிச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அதில் தெரிவது டொர்னாடோ. இடிமேகத்துக்குள் சுழலும் காற்று தரையைத் தொடுவது. பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம், சில நிமிட ஆயுள். காற்றின் வேகமும் திசையும் உயரத்துக்கு உயரம் நன்றாக மாறினால்தான் அது பிறக்கும். நம் புயலுக்கோ அந்த மாற்றம்தான் எமன். கடல்நீர் 26.5 டிகிரிக்கு மேல் சூடேறி, மேலே காற்று ஒரே சீராக இருந்தால்தான் அது நாள்கணக்கில் வளர்ந்து, சில நூறு கிலோமீட்டருக்கு விரியும். அட்லாண்டிக்கில் ஹரிக்கேன் என்பதும் இதுவே. அமெரிக்காவின் ஜாப்ளின் நகரை 2011 மே 22 அன்று தாக்கிய டொர்னாடோ 150 பேருக்கு மேல் பலி வாங்கியது, ஆனாலும் அதன் பாதைக்கு வெளியே இருந்த தெருக்கள் தப்பின. புயலில் அப்படித் தப்ப முடியாது.

சரி, குழம்பினால் என்ன கெட்டுப்போயிற்று என்கிறீர்களா? புயலையும் தும்பிக்கையாக நினைப்பவர்கள் "எங்கே கரையைக் கடக்குது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தங்கள் ஊர்ப் பெயர் வராவிட்டால் தூங்கப் போய்விடுகிறார்கள். 2023 டிசம்பர் 5ஆம் தேதி மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. முந்தைய இரண்டு நாள் மழையில் மூழ்கியது 300 கிலோமீட்டருக்கு இப்பால் இருக்கும் சென்னை! 2018இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது, உள்ளே பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வரை சாய்ந்தன. வரைபடத்தில் நாங்கள் காட்டும் கோடு புயலின் மையம் போகும் வழி மட்டும்தான், ஐயா. அதிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் நீங்கள் புயலுக்குள்தான் இருக்கிறீர்கள்.

அடுத்தது, கண், அதாவது புயலின் நடுவில் காற்று அடங்கிக் கிடக்கும் பகுதி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தாவின் கண் சென்னை மேல் வந்தபோது காற்று சட்டென்று அடங்கியது. முடிந்துவிட்டது என்று தெருவுக்கு வந்து விழுந்த மரங்களைப் படம் எடுத்தவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்பி அடித்தது. முதல் அடியில் வேர் ஆட்டம் கண்ட மரம், ஒரு பக்கம் கழன்ற தகரக் கூரை எல்லாம் விழுவது இந்த இரண்டாவது அடியில்தான். அறிவிப்பு வரும்வரை வெளியே வராதீர்கள்.

அப்புறம், டொர்னாடோவுக்கு அமெரிக்காவில் சொல்லும் அறிவுரைகளைத் தமிழாக்கிப் பரப்பவே பரப்பாதீர்கள். அங்கே கையில் இருப்பது சில நிமிடம், அதனால் நிலவறைக்குள் ஓடச் சொல்கிறார்கள். கடல் ஏறி வரும் ஊரில் பள்ளத்தில் ஒளிந்தால் மூழ்க வேண்டியதுதான். துறைமுகக் கூண்டு எண் கப்பலுக்கும் படகுக்கும் உரியது, "3 தானே" என்று ஊருக்குள் கணக்குப் போடாதீர்கள். நமக்குப் பெரும்பாலும் ஓரிரு நாள் அவகாசம் கிடைக்கிறது. விஏஓ வந்து சொன்னால் வெளிச்சம் இருக்கும்போதே மாத்திரை, ரேஷன் கார்டோடு முகாமுக்குக் கிளம்புங்கள். படகைப் பார்த்துக்கொள்ள, ஆட்டைப் பார்த்துக்கொள்ள என்று வீட்டுப் பெரியவரை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள், தயவுசெய்து.