கல்யாணமானால் இனிஷியலை மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை

கல்யாணமான பெண் கணவரின் இனிஷியலைப் போட்டே ஆக வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் எதுவும் இல்லை. "கல்யாணம் ஆயிடுச்சுல்லம்மா, வீட்டுக்காரர் பேரைத்தான் போடணும்" என்று கவுன்ட்டரில் சொன்னால், அது அங்கே உட்கார்ந்திருப்பவரின் பழக்கம். பிள்ளைக்கு அம்மாவின் இனிஷியலைப் போடலாம் என்று தமிழக அரசு 1998-லேயே ஆணை போட்டுவிட்டது. பின்னணி இவ்வளவு போதும்.

ஆண் பிறந்ததிலிருந்து கடைசிவரை 'த/பெ'தான். தாலி ஏறிய மறுநாளே பெண்ணுக்கு மட்டும் 'செல்வி' 'திருமதி' ஆகிறது, 'த/பெ' 'க/பெ' ஆகிறது. பேச்சுவழக்கு என்று இதை விட்டுவிடலாம்தான், பணம் மாட்டிக்கொள்ளாத வரை.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர். மார்க் ஷீட்டில் 'எம்', பிஎஃப் கணக்கிலும் 'எம்'. கல்யாணத்துக்கு அப்புறம் ஆதாரில் முகவரி மாற்றப் போனார். அத்தாட்சியாகத் திருமணச் சான்றிதழைக் கொடுத்தார். அதைப் பார்த்த ஆபரேட்டர், கேட்காமலேயே இனிஷியலையும் 'ஆர்' ஆக்கிவிட்டார். வேலையை விட்டபின் பிஎஃப் பணம் எடுக்கப் போனால் பெயர் பொருந்தவில்லை. கம்பெனிக்குப் போனால் "ஆதாரைச் சரிபண்ணுங்க", ஆதார் மையத்துக்குப் போனால் "கம்பெனியில கேளுங்க". எட்டு மாதம் அலைந்தார். இதற்கிடையில் கணவரோடு ஒத்துவராமல் பிரிந்தும் வந்துவிட்டார். விட்டு வந்த மனிதரின் முதல் எழுத்து, இவர் சம்பாதித்த பணத்துக்குக் குறுக்கே நின்றது.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்ற முடியும். கல்யாணத்துக்கு ஒன்று, திரும்ப அப்பா இனிஷியலுக்கு ஒன்று, அவ்வளவுதான் கணக்கு. மூன்றாவது முறைக்குத் தனி அனுமதி வாங்க அலைய வேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் அதுவும் ஒரு முறையாகப் போய்விடும். ஆகவே முகவரி மாற்றப் போனால் "முகவரி மட்டும்" என்று சொல்லிவிட்டு, திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வயதுவந்தவருக்கு முகவரியில் கணவர் பெயரோ அப்பா பெயரோ கட்டாயமும் இல்லை.

பான் கார்டில் கதை தலைகீழ். கல்யாணமானவராக இருந்தாலும் அங்கே கேட்பது அப்பா பெயரைத்தான். கம்ப்யூட்டர் சென்டரில் அவசரத்தில் கணவர் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் திருத்தத்துக்கு மறுபடி காசு. அம்மா தனியாக வளர்த்தவர்கள் அம்மா பெயரை மட்டும் கொடுக்கலாம், 2018 டிசம்பர் 5 முதல் அதற்கு வழி உண்டு. விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கேள்வி இருக்கிறது. அதில் 'ஆம்' என்று டிக் அடிக்காமல் விட்டால் அப்பா பெயர் கேட்டு நிற்கும். இன்னொன்று, பான் வெறும் இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதோடு ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் 2016 டிசம்பரிலிருந்து அப்பா, அம்மா, காப்பாளர் இவர்களில் ஒருவர் பெயர் போதும். பிரிந்தவர்களும் விவாகரத்தானவர்களும் கணவர் பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை. வாக்காளர் அட்டையிலும் கணவர் பெயர்தான் வேண்டும் என்றில்லை, அம்மா பெயரையே கொடுக்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் தகப்பனார் பெயர் என்ற கட்டம் வேறு, பிள்ளையின் பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல் வேறு. கட்டத்தில் அப்பா பெயர் இருப்பதாலேயே இனிஷியலும் அவருடையதாக இருக்க வேண்டியதில்லை. இதைப் பள்ளிக்கூடத்தில் புரியவைப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும். "அப்பா கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்பார்கள். தந்தை இறந்துவிட்டால், குழந்தையின் குடும்பப்பெயரை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்று 2022-லும், மணமாகாத தாய் தந்தையின் பெயரைச் சொல்லாமலே பிறப்புச் சான்றிதழ் பெறலாம் என்று 2015-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளி அலுவலகத்துக்குத்தான் இன்னும் சேதி வந்து சேரவில்லை.

பிள்ளை பிறந்த 12 மாதத்துக்குள் பிறப்புப் பதிவில் பெயரைப் பதிந்தால் கட்டணம் இல்லை. அப்புறம் 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். ஆனால் ஒருமுறை பதிந்த பெயரை லேசில் மாற்ற மாட்டார்கள். ஆகவே இனிஷியலை யோசித்து, அங்கேயே சரியாகப் போடுங்கள். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் விழும் எழுத்துதான் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை போகும். அதற்கு மேல் மாற்றுவது பெரும்பாடு.

எல்லாம் கைமீறிவிட்டால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு கொடுக்கலாம். ஆனால் அரசிதழ் வந்த கையோடு மற்ற ஆவணங்கள் தானாக மாறிவிடாது. ஒவ்வோர் அலுவலகமாக ஏற வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இன்னும் அப்பா இனிஷியலில் இருந்தால், அதைக் காட்டியே பழைய இனிஷியலைத் திரும்பப் பெற முடிகிறதா என்று முதலில் கேளுங்கள்.

கவுன்ட்டரில் மறுத்தால் சண்டை வேண்டாம். "எந்த அரசாணைப்படி மறுக்கிறீங்க, எழுதிக் கொடுங்க" என்று மெதுவாகக் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே படிவத்தை வாங்கிக்கொள்வார்கள். மீதிப் பேருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், 10 ரூபாய், 30 நாள். எந்த மையத்தில் என்ன மாற்றினாலும், ஒப்புகைச் சீட்டில் ஆங்கிலத்திலும் தமிழிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று வாசித்துப் பார்க்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.